வெயிலில் தெரியாத திரை

சென்ற தை மாதம் ஒரு நண்பகல். என் அண்ணன் வாடகை மின்ஸ்கூட்டரில் மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்கு உணவுப் பொட்டலம் கொண்டு சென்றான். திரு.வி.க. பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்பதை முகப்புத் திரை காட்டிக்கொண்டுதான் இருந்தது. எதிர்வெயிலில் அவனுக்குத் தெரிந்ததோ தன் வெள்ளைச் சட்டையின் பிரதிபிம்பம்! அன்றைய கூலியில் பாதி போயிற்று.

"திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்றார் மெக்கானிக். நம்மில் பலரும் அவ்வாறே எண்ணுகிறோம். பௌதிகம் வேறு சொல்கிறது.

இது திரவப்படிகத் திரை, தானாக ஒளிராது. பின்னாலுள்ள எல்.ஈ.டி. விளக்கொளியைத் தடுத்தும் விட்டும் எழுத்துக் காட்டுகிறது. இடையிலுள்ள தகடுகளும் வண்ண வடிகட்டிகளும் விழுங்கியது போக, நூறு பங்கு ஒளியில் பெரும்பாலும் பத்துப் பங்குக்கும் குறைவே வெளிவருகிறது. எதிரே நிற்பதோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெயில்! கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழுவதில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மேல்கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றிருந்தால் அத்தகைய பரப்புகள் மூன்று. கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் வெளுத்துப்போகிறது. விளக்கை இருமடங்காக்கினால் மின்செலவும் அதே அளவில் ஏறும். சூடு மிஞ்சினால் திரையே கறுத்துவிடும்.

ஆகவே, முதலில் பிரதிபலிப்பைக் குறையுங்கள் என்பேன். அந்தக் காற்றிடைவெளியை ஒளிபுகும் பசையால் நிரப்பினால் உள்ளிருக்கும் இரு பரப்புகளின் தொல்லை ஏறக்குறைய ஒழியும். அடுத்து, சுற்றுவெளிச்சத்தை அளந்து விளக்கைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு வேண்டும். (இரவு பத்து மணிக்கு லஸ் முனையில் இதே திரை முகத்தில் டார்ச் அடிக்கிறது!) கறுப்புப் பகுதிக்குப் பின்னுள்ள விளக்குகளை மட்டும் அணைத்துவைக்கும் முறை விலையுயர்ந்த கார்களில் வந்துவிட்டது. மோட்டார் உண்ணும் மின்சாரத்தின் முன் திரை உண்பது சொற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கவலை சூட்டைப் பற்றியே.

நம் கால்குலேட்டரைப் பாருங்கள். பின்விளக்கே கிடையாது, வெயிலே அதற்கு விளக்கு. வேகத்தையும் பேட்டரி அளவையும் மட்டும் அப்படியொரு சிறு திரையில் காட்டினால் என்ன? செய்யத் தெரிந்தவர்கள் தொலைவிலா இருக்கிறார்கள்? வண்டிக் கருவிகள் செய்யும் பிரிக்கால் கோவையில் இருக்கிறது. 2013-இல் ஏத்தரைத் தொடங்கிய இருவரும் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்களே.

வண்ணப்படமும் வரைபடமும் தியாகராய நகர் ஷோரூம் விளக்கொளியில் அழகாகத்தான் மின்னுகின்றன. வண்டி வாங்கவிருக்கும் ஆசிரியப் பெருமக்கள் அதைத் தெருவில் இறக்கி, உச்சி வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அண்ணன் இப்போதெல்லாம் ஒரு கையால் திரைக்கு நிழல் பிடித்துப் பார்க்கிறான். மறு கையால் ஓட்டுகிறான், பஸ்களுக்கு நடுவே.