ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெண்டு மடங்கு பாதுகாப்பா?

மூலக்குளத்துல மாமா வீட்டுப் பொட்டி. "ஆன்டிவைரஸ் போட்டும் ஆமை மாதிரி நகருதுப்பா"ன்னார். திறந்து பார்த்தா ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுமே கிராக்! போட்டுக் குடுத்த புண்ணியவான் அதுக்குக் காசும் வாங்கியிருக்கார். பொண்ணு கல்யாண போட்டோ மொத்தமும் அந்தப் பொட்டியிலதான், வேற காப்பி கிடையாது.

மக்களே, கிராக் ஓடணும்னா முதல்ல காவலை அணைக்கச் சொல்வான். திருடன்கிட்டயே சாவி! ரெண்டு ஆன்டிவைரஸும் ஒவ்வொரு ஃபைலையும் மாத்தி மாத்தி நோண்டினா பொட்டி நகருமா?

விண்டோஸ் 11ல டிஃபெண்டர் கூடவே வருது. வீட்டுக்கு அது போதும்னு அடிச்சுச் சொல்வேன். காசு குடுத்தே ஆகணும்னா சென்னை கே7, புனே குவிக்ஹீல் இருக்கு, பில்லோட வாங்குங்க. இலவசம்னு கண்ணை மூடிட்டும் போடாதீங்க. அவாஸ்ட் தன் பயனர்களோட உலாவல் விவரத்தை ஜம்ப்ஷாட் வழியா வித்தது 2020ல அம்பலமாச்சு. 2024ல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்ட வச்சுது.

அதைவிட முக்கியம் அப்டேட். 2017 மே மாசம் வான்னாக்ரை ஆடின ஆட்டத்துக்கு மார்ச்லயே பேட்ச் வந்தாச்சு. போடாத பொட்டிங்கதான் விழுந்துச்சு.

டிஃபெண்டர்ல 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' தானா ஆன் ஆகாது, நீங்கதான் போடணும். ரான்சம்வேர் உங்க போட்டோவைப் பூட்டாம தடுக்கறது அதுதான். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத அக்கவுண்ட். மாசம் ஒருதரம் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து, கழட்டி வைங்க.

டிஸ்கி: மாமா பொட்டியில ரெண்டையும் தூக்கியாச்சு. போட்டோ பத்திரம். எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது :-)