பிழை சாரதியிலயா, கியர் பொக்ஸிலயா?

கலைப்பீடத்தில படிக்கிற ஆளுக்குக் கியர் பொக்ஸைப் பற்றி என்ன தெரியும் எண்டு நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே முறைப்பாட்டை நூறு பேர் சொல்லியும் நூறு பேரையும் நம்பாமல் விடுகிறதைப் பற்றிக் கதைக்க மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை.

ஹொண்டா வெசல் 2013 டிசெம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. அதன் ஹைபிரிட் மொடல் ரீகொண்டிஷன் வாகனமாக ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கியது. அதை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டிரபிக்கில ஊரும்போது குலுக்குது, ஏற்றத்தில டிரான்ஸ்மிஷன் சூடாகி எச்சரிக்கை விழுது, திருத்தினாலும் திரும்ப வருது என்பார்கள். அதற்குக் கிடைக்கிற பதில்: "உங்களுக்கு ஹைபிரிட் ஓடத் தெரியேல்ல."

இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த கியர் பொக்ஸில் இரண்டு கிளட்ச். ஒற்றை கியர்களுக்கு ஒன்று, இரட்டை கியர்களுக்கு மற்றது. கிளட்சை மிதிப்பது சாரதி இல்லை, கணினி. இரண்டுமே எண்ணெயில் நனையாத ட்ரை கிளட்ச். மெதுவாக ஊரும்போது அவை உரசி உரசிச் சூடாகும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அக்சிலரேட்டரை மிதித்தபடி வாகனத்தை நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம். ஆனால் வெள்ளவத்தை நெரிசலில் ஊராமல் எப்படி ஓடுவது? சாதாரணத் தெருவில் சாதாரணமாக ஓடினாலே தாங்காது என்றால் அதைச் சாரதியின் பிழை என்பது சரியோ?

கம்பனியே அப்படிச் சொல்லவில்லை. 2014 பெப்ரவரியில், இந்த கியர் பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிழை என்று ஃபிட், வெசல் ஹைபிரிட் வாகனங்கள் 81,000 இற்கும் மேல் ஜப்பானில் ரீகோல் செய்யப்பட்டன. அதாவது, திரும்பக் கூப்பிட்டு இலவசமாகத் திருத்திக் கொடுத்தார்கள். யூலையில், எதிர்பாராமல் வேகமெடுக்கலாம் என்று 175,000 இற்கும் மேல். ஒக்டோபரில் ஃபிட் ஹைபிரிட்டுக்கு ஐந்தாவது ரீகோல் வந்தபோது, ஹொண்டாவின் அன்றைய தலைவர் தகனோபு இதோ தன் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதங்களுக்கு வெட்டிக்கொண்டார். 2021 இல் வந்த புதிய வெசல் ஹைபிரிட்டில் அந்த இரட்டைக் கிளட்ச் கியர் பொக்ஸே இல்லை.

அங்கே தலைவர் சம்பளத்தை வெட்டுகிறார். இங்கே லீசிங் கட்டுகிற ஒருவர் "ஓடத் தெரியாது" என்று பேச்சு வாங்குகிறார்.

ரீகோல் கடிதம் ஜப்பானில் அந்த வாகனம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் போகும். வாகனம் திருத்தம் செய்த பிறகு கப்பல் ஏறியதா, செய்யாமலே ஏறியதா என்று இங்கே வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. ஏல அறிக்கையில் கீறல் இருக்கும், மைலேஜ் இருக்கும். ரீகோல் இருக்காது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வெசல்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன, அதுவும் ஏறின விலைக்கு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டது. இனி வருகிற வாகனங்களுக்காவது, சாசி இலக்கத்துக்குரிய ரீகோல் விபரத்தை வாங்குபவர் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை என்று ஒன்று இருக்கிறதுதானே. அரிசி விலையோடு இதையும் பார்க்கலாம்.

அதுவரைக்கும் வீட்டில யாராவது பழைய வெசல் பார்க்கப் போனால் நீங்களும் போங்கோ. சாசி இலக்கம் ஆர்யூ3, ஆர்யூ4 என்று தொடங்கினால் அது ஹைபிரிட். முழு இலக்கத்தையும் ஹொண்டாவின் ஜப்பான் இணையத்தளத்தில் போட்டால் ரீகோல் விபரம் வரும். ஜப்பான் மொழிதான். ஆனால் போனில மொழிபெயர்ப்பு இருக்கு. அப்பாவின் பத்து வருடச் சேமிப்புக்காக அந்தப் பத்து நிமிசத்தைச் செலவழிக்கலாம்.