மார்கழிக்கு ஒரு அகில் வாசம்

போன டிசம்பர்ல ஊது, கிராம்பு, வெனிலா கலந்த ஒரு பெர்ஃப்யூம் போட்டுட்டு காலேஜ் பஸ்ல ஏறினேன். "என்னடா, பூஜை ரூம்ல இருந்து நேரா வர்றியா?"ன்னு பின் சீட்ல ஒரே சிரிப்பு. அன்னைக்கு அலமாரிக்குள்ள போன பாட்டில் வெளியவே வரல. பயந்தாங்கொள்ளித்தனம்தான்.

பாண்டில ஏது குளிர்னு கேப்பீங்க. மார்கழி விடியல்ல பீச் ரோட்டுல 22 டிகிரி வரும், நமக்கு அது போதும். பிசின், மரம், மசாலா வாசமெல்லாம் மெதுவா ஆவியாகுற கனமான மூலக்கூறுகள். மே மாச வேர்வையில மூச்சு முட்டும்; குளிர்ல தோலோட ஒட்டி நிக்கும்.

இந்த வகைக்குப் பெர்ஃப்யூம் உலகம் வெச்ச பேர் 'ஓரியண்டல்'. 1925-ல பாரிஸ்ல கெர்லான் கொண்டுவந்த 'ஷாலிமார்' பேரே முகலாயர் தோட்டத்தோடதுதான். ஆனா நமக்கு இது அதைவிடப் பழசு. நெடுநல்வாடையைப் பாருங்க: கூதிர் காலத்துல குளிர்ச்சியான சந்தனத்தை ஒதுக்கிட்டு, கூந்தலுக்கு அகில் புகை போடுறாங்க. அந்த அகில்தான் இன்னைக்குக் கடையில ஊது. மழை நாள்ல எங்க ஆயா தலைக்குச் சாம்பிராணி காட்டுனதும் அதே கணக்குதான்.

நாம என்னன்னா, பன்னிரண்டு மாசமும் ஒரே 'அக்வா' டியோ!

இந்த மார்கழிக்கு பாட்டிலை வெளிய எடுக்குறேன். ரெண்டே ஸ்ப்ரே, சட்டைக்குள்ள. ஏசி லேப் இருக்குற நாள்ல ஒண்ணு.