இணைய வெண்பலகையும் எழுத்துப் பதிவும்

வெவ்வேறு ஊர்களிலிருந்து பணிபுரிவோர் ஒரே பரப்பில் வரையவும் எழுதவும் இணைய வெண்பலகை மென்பொருள் துணைபுரிகிறது. ஒருவர் இடும் கோடு மற்றவர் திரையில் உடனே தோன்றுகிறது. ஒவ்வொருவரும் தம் கருத்தை வண்ணத் தாள்களில் எழுதி ஒட்டுவதால், கூட்டத்தில் பேசத் தயங்குவோரின் எண்ணமும் அவைக்கு வருகிறது. இந்நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆயினும், பலகையை மட்டுமே நம்பியிருத்தல் தகாது. தாள்கள் குவியக் குவிய, எது கருத்து, எது முடிவு என்பது விளங்காமற்போகும். உடனிருந்தோர்க்குப் புரிந்த அம்புக்குறியும் வட்டமும் பின்னர்ச் சேர்வோர்க்குப் புதிராகும். மேலும், மென்பொருளை வழங்கும் நிறுவனம் அதனை நிறுத்திவிடவும் கூடும். கூகுள் நிறுவனத்தின் ஜாம்போர்டு இதற்குச் சான்று. முன்னறிவிப்புக்குப் பின், 2024 டிசம்பர் 31 அன்று அச்சேவை முடிவுற்றது. வேறு மென்பொருளுக்கு மாற்றப்படாத பலகைகள் பிடிஎஃப் கோப்புகளாயின. அவற்றைப் பார்க்கலாம், தொடர்ந்து எழுத இயலாது.

எனவே, கூட்டம் முடியும் முன்னரே எடுத்த முடிவு, அதற்குரிய காரணம், பொறுப்பேற்றவர், முடிக்கவேண்டிய நாள் ஆகியவற்றை ஒருவர் தெளிந்த உரைநடையில் எழுதிக் குழுவின் கோப்பில் சேர்த்தல் வேண்டும். கூடிச் சிந்திக்கப் பலகை போதும். சிந்தித்ததைக் காக்க எழுத்தே வேண்டும்.