ஆணி அடிக்கக் கூடாத வீடு

ஹாஸ்டல் சாம்பாரில் நாலு செமஸ்டர் நீச்சல் அடித்துவிட்டு, 'இனி முடியாதுடா சாமி' என்று பெட்டியைக் கட்டிய கோஷ்டியா நீங்க? அப்ப வாங்க, நீங்க நம்ம ஆளு! இந்த வாரம் நாம பேசப் போறது, நாலு பசங்க சேர்ந்து வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, அதை 'நம்ம வீடு' ஆக்கின கதை.

இடம், எடப்பாடி. சேலம் மாவட்டத்தின் தறி ஊர். காலேஜ் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். ஆட்கள் நாலு பேர். நான், தர்மபுரி, ராசிபுரம், கடலூர். பேர் அதில்லைங்க, ஊர். முதல் வருஷ ராகிங்ல இருந்தே ஊர்ப் பேர்தான் எங்களுக்குப் பேர்!

வீடு தேடிப் போன அனுபவம் உங்களுக்கு இருக்கா? மூணு கேள்வி கட்டாயம் வரும். கேள்வி ஒன்று: "பேச்சிலருங்களா?" கேள்வி இரண்டு: "கறி, மீனு ஆக்குவீங்களா?" இந்த ரெண்டுலயே நாங்க ஆறு வீட்டுல ஃபெயில். ஏழாவது வீட்டு ஆயா ரெண்டுக்கும் சிரிச்சுட்டே தலையாட்டிட்டாங்க. அப்புறம்தான் மூணாவது வந்துச்சு.

"நீங்கெல்லாம் என்ன ஆளுங்க கண்ணு?"

நான் முந்திக்கிட்டு என் சாதியைச் சொன்னேன். சொன்னது மட்டும் இல்ல, "நாங்க நாலு பேருமே ஒண்ணுதானுங்க ஆயா"ன்னு ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டேன். கடலூர் அப்ப குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தான். சாவி கைக்கு வந்துச்சு. 'எப்பூடி!'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வருது.

வாடகை 6,000. தலைக்கு 1,500. அட்வான்ஸ் 18,000. இங்க ஒரு சின்ன சட்டப் பாடம், தூங்காதீங்க! தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கென்று 2017-ல் ஒரு சட்டம் போட்டு, அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். வேற மாதிரி பேசி எழுதிக்கலைன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. காலி பண்ணினா, நாம வெச்ச பாக்கியைக் கழிச்சுட்டு ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும். வெள்ளையடிக்கிறது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு எல்லாம் நம்ம பொறுப்பு. அந்தச் சட்டத்துல தேடிப் பார்த்தேன். மூணாவது கேள்வியைப் பத்தி எதுவும் கண்ணுல படலை.

எங்க ஹால் ஒரு காலத்துல தறிக்கூடம். நாலு தறி ஓடின இடம். ஆயா அதையெல்லாம் இரும்பு விலைக்குப் போட்டுட்டாங்க. தறியை போல்ட் போட்டு நிறுத்தின ஓட்டைங்க இன்னும் தரையில இருக்கு. பக்கத்து வீட்டுல தறி ராத்திரி பகலா ஓடுது. எங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கரன்ட் ஃப்ரீ. விசைத்தறிக்கு 2023-ல இருந்து 1,000 யூனிட் ஃப்ரீ. சத்தம் மட்டும் எங்களுக்கு அன்லிமிடெட் ஃப்ரீ! முதல் வாரம் காதுல பஞ்சு வெச்சுப் படுத்தோம். ரெண்டாவது மாசம் கரன்ட் போய்த் தறி நின்னாதான் தூக்கம் கலையும்னு ஆயிடுச்சு.

சரி, டெகரேஷனுக்கு வருவோம். ஆயா போட்ட ஒரே கண்டிஷன்: "செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க சாமி. மண்ணு செவுரு. அடிச்சா பொலபொலன்னு கொட்டிப் போயிரும்."

ஆணி இல்லாம வீட்டை அழகு பண்ண முடியுமா? முடியும் மக்களே! ஜன்னல் கம்பியில இருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு ஒரு கயிறு. அதுல துணி கிளிப். போட்டோ, போஸ்டர், டைம் டேபிள், கரன்ட் பில் எல்லாம் அதுலதான் தொங்கும். நெய்யும்போது பழுதாகி ஒதுக்கின துண்டுகளைப் பக்கத்துல சும்மா கேட்டு வாங்கி, ஒட்டுப் போட்டுத் தைச்சா ஜன்னல் ஸ்கிரீன் ரெடி. நூல் தீர்ந்துபோன கோன் எங்களுக்கு பேனா ஸ்டாண்ட். ஓடி ஓடித் தேஞ்சுபோன மர நாடா ஒண்ணு கிடைச்சுது. அதுக்குள்ளதான் வீட்டுச் சாவி தூங்கும். தர்மபுரி அவன் பங்குக்கு ஒரு தோனி போஸ்டர். ராசிபுரம் சீரியல் லைட். மொத்தச் செலவு 340 ரூபாய்!

கடலூர் மூலை மட்டும் மொட்டையா இருந்துச்சு. ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். கயித்துல அவனுக்குன்னு விட்ட நாலு கிளிப்பும் சும்மாவே தொங்கும். "ஏன்டா, நீயும் எதாவது மாட்டேன்"னு கேட்டா, "எனக்கு இதே போதும்டா"ம்பான். பையன் சிம்பிள் டைப்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். ஆவணியில குடி வந்தது. அஞ்சு மாசமா அப்படியேதான் இருந்தான்.

தை வந்துச்சு. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியில இருந்து ஆயிரக்கணக்கான பேர் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே போவாங்க. ராத்திரியில யாரும் தங்கக் கூடாத பழனி மலை மேல, எடப்பாடிக்காரங்க மட்டும் ஒரு ராத்திரி தங்கலாம். பரம்பரையா வர்ற உரிமை. மலையிலேயே பஞ்சாமிர்தமும் கலக்குவாங்க. ஆயாவும் கிளம்பிட்டாங்க. எங்க தெருவுல பாதித் தறி நின்னுபோச்சு. அந்த அமைதியில எங்க யாருக்கும் தூக்கமே வரலை.

அந்த ராத்திரிதான் கடலூர் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு படத்தை எடுத்தான். புத்தகங்களுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கிற அம்பேத்கர். அவங்க அப்பா காலேஜ் சேரும்போது கொடுத்தாராம். காலி கிளிப்புல மாட்டினான். "எத்தனை நாள்தான் பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கிறது?"ன்னு மட்டும் கேட்டான்.

அப்புறம் அவனே ஒரு கதை சொன்னான். 1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படிச்சுட்டு, பரோடா சமஸ்தானத்துல வேலை பார்க்க வர்றார் அம்பேத்கர். வயசு 26. ஊர்ல தங்க இடம் கிடையாது. பார்சிக்காரங்களுக்கான ஒரு விடுதியில, ஒரு பார்சிப் பேரை எழுதிக் கொடுத்துத் தங்குறார். இருட்டு ஹால், ஓட்டை உடைசல், வௌவால்கள். பதினோராவது நாள் ஒரு டஜன் பேர் கம்போட வந்து நிக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போக வேற இடம் இல்லாம ஒரு பூங்காவுல உட்கார்ந்திருந்துட்டு, ராத்திரி ரயிலேறி பம்பாய் திரும்புறார். இதையெல்லாம் அவரே எழுதி வெச்சிருக்கார்.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "உனக்கு வீடு கிடைக்கணும்னுதான்டா அப்படிச் சொன்னேன்."

"அவர் பொய்ப் பேர் எழுதினாருன்னா, அது அவரே எடுத்த முடிவு. எனக்காக நீ முடிவு பண்ணிட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்கலை. அஞ்சு மாசமா ஆயா ஊர்ப்பேச்சு எடுத்தாலே நான் எந்திரிச்சு பாத்ரூம் போயிடுறேன்டா."

அவன் கோபப்பட்டிருந்தாக்கூடத் தேவலை. சாதாரணமாத்தான் சொன்னான்.

பழனியில இருந்து ஆயா வந்தாங்க. ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோட நேரா ஹாலுக்குள்ள நுழைஞ்சாங்க. படத்தைப் பார்த்தாங்க. "இது யாரு வெச்சது?"

"நான்தான் ஆயா"ன்னான் கடலூர்.

ஆயா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. டப்பாவைத் திண்ணையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. மூணு நாளா அவங்க வீட்டுக் குழம்பு வரலை. நாலாவது நாள் வந்துச்சு. ஆனா முன்னாடி சமையக்கட்டு வரைக்கும் வந்து ஊத்துறவங்க, இப்ப வாசப்படியிலயே கிண்ணத்தை வெச்சுட்டுக் கூப்பிடுறாங்க. வாடகை கொடுக்கப் போனப்ப என்னைத் தனியா நிறுத்தி, "எங்கிட்ட எதுக்குக் கண்ணு பொய் சொன்ன?"ன்னு கேட்டாங்க. 'நீங்க எதுக்கு ஆயா அதைக் கேட்டீங்க?'ன்னு திருப்பிக் கேட்டிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்கலை. அதை இன்னும் ஒரு கடனாத்தான் வெச்சிருக்கேன்.

காலி பண்ணுங்கன்னு ஆயா சொல்லலை. இருங்கன்னும் சொல்லலை. ஆனி மாசத்தோட அக்ரிமென்ட் முடியுது. என்ன ஆகும்னு தெரியாது. படம் மட்டும் அதே கிளிப்புலதான் இருக்கு. கடலூர் மூலையில இப்ப அவங்க ஊர்க் கடற்கரை போட்டோ ரெண்டும், அவன் தங்கச்சி வரைஞ்ச மயில் ஒண்ணும் சேர்ந்திருக்கு. ஆயா ஊர்ப்பேச்சு எடுத்தா இப்ப அவன் எந்திரிக்கிறதில்லை.

இன்னொரு தகவலும் அவன் சொன்னதுதான். 1921-22-ல அம்பேத்கர் லண்டன்ல படிச்சப்ப, கிங் ஹென்றிஸ் ரோடு, 10-ம் நம்பர் வீட்டுல வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டை 2015-ல மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவு இல்லமாக்கியிருக்கு. ஒரு மாணவன் குடியிருந்த வாடகை ரூமை இப்ப உலகம் முழுக்க இருந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க!

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த செமஸ்டருக்கு வீடு தேடக் கிளம்புறீங்களா? வாடகை, தண்ணி, கரன்ட், பஸ் ஸ்டாப் எல்லாம் விசாரிங்க. அதுக்கு முன்னாடி நாலு பேரும் ஒரு டீக்கடையில உட்காருங்க. அந்த மூணாவது கேள்வி வந்தா என்ன சொல்றதுன்னு பேசி முடிவு பண்ணுங்க. முக்கியமா, உங்க கூட்டத்துல யாரு அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் கட்டக் குனியுறாங்கன்னு கவனிங்க. அவங்ககிட்ட முதல்ல கேளுங்க.

பி.கு.: இதை எழுதி முடிச்சதும் கடலூர்கிட்டதான் முதல்ல கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சான். "340 இல்லடா, 360. கயிறு நான்தானே வாங்கினேன்... மத்தபடி போடு"ன்னான். போட்டாச்சு!