சரித்திரமும் சர்க்காரும்

அகழ்வாராய்ச்சிக்குப் பொருளும் அனுமதியும் வேண்டும். இரண்டும் சர்க்காரிடமே உள்ளன. ஆதலால் சரித்திர ஆராய்ச்சியாளர் பலர் சர்க்கார் ஊழியராயிருப்பதில் குற்றமில்லை. ஊதியம் அளிப்போர் முடிவையும் தாமே எழுத முற்படுவதுதான் ஆபத்து.

வாழவந்தி முதலிய கிராமங்களைக் கொண்ட சேர்வராயன் மலை இவ்விஷயத்தில் ஒரு நல்ல உதாரணத்தை நினைவூட்டுகிறது. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில் வசித்தார். அந்நிய சர்க்காரின் ஊழியராயினும் இந்நாட்டில் மனித வாழ்வின் தொன்மையை அவர் குறைத்துக் கூறவில்லை. அவர் சேகரித்தவை 1904-ல் சென்னை மியூசியத்தை அடைந்தன. ஐயமுற்றோர் அவற்றையே நோக்கிச் சோதிக்கலாயிற்று.

கீழடியில் நிகழ்ந்தது யாது? 2015-ல் அங்கே அகழ்வைத் தொடங்கிய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2017-ல் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். கி.மு. 8-ம் நூற்றாண்டுவரை தொன்மை கூறும் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் அளித்தார். அதைத் திருத்துமாறு 2025 மே மாதத்தில் தொல்லியல் இலாகா கேட்டது; அவர் இணங்கவில்லை. அடுத்த மாதமே மீண்டும் மாற்றப்பட்டார். நிபுணர் கருத்துப்படி திருத்தம் கேட்பது வழக்கமே என்றது இலாகா. அங்ஙனமாயின் அறிக்கையையும் மறுப்பையும் அருகருகே வெளியிடுவதே அறிஞர் முறை. மாற்றல் உத்தரவு ஒருபோதும் வாதமாகாது.

இக்குறை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. விடுதலை இயக்கச் சரித்திரத்துக்காக 1950-களில் மத்திய சர்க்கார் அமைத்த குழு கலைக்கப்பட்டது. அதில் பணியாற்றிய ஆர். சி. மஜும்தார் தம் நூலைத் தனியே வெளியிட்டார். சர்க்கார் நூலை எழுதும் பொறுப்பு தாராசந்திடம் சென்றது.

சென்னையும் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தமிழ் மண்ணில் இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2025 ஜனவரியில் முதன்மந்திரியே பிரகடனம் செய்தார். அம்முடிவுக்கு ஆய்வுக்கூடக் கணிப்புகள் ஆதாரமாயுள்ளன. அது பொருட்படுத்தத் தக்கதே. ஆயினும், மேடையில் பிரகடனமான முடிவை ஐயுற ஓர் அறிஞருக்குத் துணிவு எளிதில் வருமா? ஐயத்தைத் தாங்கி நிலைத்தாலன்றோ அது உண்மைப் பெருமையாகும்!

பரிகாரம் அரிதன்று. அகழ்வறிக்கைகள் குறித்த காலத்துக்குள் வெளிவருதல் வேண்டும். கணிப்பு விவரங்கள் எவர்க்கும் கிடைத்தல் வேண்டும். ஆராய்ச்சி முடியுமுன் ஆராய்வோரை மாற்றலாகாது. தமக்கெனச் சரித்திராசிரியர் இல்லாத மலைமக்களின் பழமைக்கும் இவையே காவல். நாளை வாழவந்தியில் ஒருவர் மண்ணைத் தோண்டினால், டில்லி மகிழுமா, சென்னை மகிழுமா என்று அவர் எண்ணும் நிலை இருத்தலாகாது.