நீல விளக்குத் தட்டில் கிடப்பது கொசுவா?

கொல்லிமலை வளப்பூர்நாட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: வீட்டில் நீல விளக்குப் பூச்சிக் கருவி மாட்டியிருக்கிறோம். காலையில் தட்டு நிறையப் பூச்சி கிடக்கிறது, கொசுக்கடி மட்டும் குறையவில்லை. வயலுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது. வீட்டுக்குள் அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வயல் மருந்து சுவரிலும் பாயிலும் பாத்திரத்திலும் படிந்து நிற்கும். தரையில் தவழும் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. ஒரு காலத்தில் ஈ மருந்தாக வீடுகளில் புழங்கிய டைக்குளோர்வாஸ் 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பா பரணில் இருந்தால் ஓடையில் கொட்ட வேண்டாம். பூட்டி வைத்து, வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

இனி அந்தத் தட்டு. அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் 1994 கோடையில் இதே வகைக் கருவிகளில் விழுந்ததை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். கடிக்கும் வகை வெறும் 31. நெல் வயலில் விளக்குப் பொறி வைத்தவர்களுக்கு இது புரியும். வெளிச்சத்துக்கு வருவது தண்டுத்துளைப்பான் அந்து, வண்டு போன்றவை. கொசு தேடுவது நம் மூச்சுக்காற்றையும் உடல் வாடையையும். தட்டில் கிடப்பவற்றில் பயிருக்கு நன்மை செய்யும் பூச்சிகளும் உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் கரண்டு பில் கட்டுகிறோம்.

காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டும் என்று விற்கும் கருவி இன்னும் மோசம். 10 கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பலன் ஏதும் தெரியவில்லை. கொசு பேட் ஒன்றிரண்டை அடிக்க உதவும். மருந்து ஸ்பிரே அடித்த கையோடு அதை வீசினால் தீப்பற்றலாம்.

பிளக்கில் செருகும் கொசு லிக்விட் வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள பைரித்திராய்டு மருந்து தேனீக்கு ஆகாது. ஜன்னலோரம் தேனீப் பெட்டி இருந்தால் தள்ளி வையுங்கள். சுருள் வேண்டாம். மூடிய அறையில் ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு காட்டியது.

கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல கொசுவலை வாங்கலாம். டெங்கு கொசு பகலில் கடிப்பதால், பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். தண்ணீர் டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பொரிக்கும். பலா சீசனில் ஈ மொய்த்தால் சக்கையையும் சாணக் குப்பையையும் வீட்டைவிட்டுத் தள்ளிக் குழியில் போட்டு மண் மூடுங்கள்.